பனிநிலம் கண்ட பௌவர்ஸ்

தென்றிசையைக் கூற்றுவன் திசை என்று கூறுதல் நம் முன்னோர் மரபு. அத்திசையில் குமரிமுனையைக் கடந்து, பல்லாயிரம் கிலோமீட்டர் கடல்வழி செல்வோமாயின், நிலவுலகின் தென்கோடியில் பனியையே போர்வையாகக் கொண்ட பெருங்கண்டம் ஒன்றைக் காணலாம். அண்டார்க்டிகா என்பது அதன் பெயர். அங்கே ஆண்டில் சில திங்கள் ஞாயிறு மறைவதில்லை. சில திங்கள் ஞாயிறு தோன்றுவதேயில்லை. மரமில்லை, ஊரில்லை, தொன்றுதொட்டு வாழும் மக்களுமில்லை. கூற்றுவன் ஆட்சி செலுத்தும் இடமெனத் தகும் அந்நிலத்தை ஆராயச் சென்றோர் பலர். அவருள், தம் உயிரினும் உடன்வந்தார் உயிரைப் பெரிதாக மதித்து, இருபத்தெட்டாம் வயதிலேயே பனிக்கு இரையானவர் ஹென்றி பௌவர்ஸ் என்பார். அவர் இந்தியக் கடற்பணியில் அமர்ந்து இப்பகுதிக் கடல்களிலே தொழில் பயின்றவர். ஆதலின், அவர் வரலாறு நமக்கும் ஓரளவு உரிமையுடையதாகும்.

பிறப்பும் இளமையும்

பௌவர்ஸ் 1883ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் கிரீனக் என்னும் துறைமுக நகரில் தோன்றினார். தந்தையார் கீழைக் கடல்களில் கலம் செலுத்திய மீகாமன். அவர் பர்மா நாட்டு இரங்கூனில் உயிர்நீத்தபோது பௌவர்ஸ் சிறு குழந்தை. கணவரை இழந்த அன்னையார் மனந்தளராது தம் பெண்மக்கள் இருவரையும் மகனையும் நல்லொழுக்கத்தில் வளர்த்தார். அன்னையாரிடம் பௌவர்ஸ் கொண்டிருந்த அன்பு இறுதி மூச்சுவரை குன்றாததாகும்.

தந்தையின் தொழிலே மைந்தன் உள்ளத்தையும் ஈர்த்தது. இளமையிலேயே அவர் வொர்ஸ்டர் என்னும் பயிற்சிக் கப்பலில் சேர்ந்து மாலுமிக் கல்வி கற்றார். பின்னர்ப் பாய்மரக் கப்பலில் பணியேற்று உலகக் கடல்களை வலம்வந்தார். 1905ஆம் ஆண்டில் அரச இந்தியக் கடற்பணியில் அலுவலராக அமர்ந்தார். இலங்கையிலும் பர்மாவிலும் பணிபுரிந்தார். தந்தையார் கலம் செலுத்திய ஐராவதி ஆற்றிலேயே மைந்தரும் ஒரு படகின் தலைவராக விளங்கினார். பாரசீக வளைகுடாவில் களவாகப் படைக்கலம் கடத்துவோரைத் தடுக்கும் பணியிலும் ஈடுபட்டார். அங்கெல்லாம் உடலை வாட்டுவது வெம்மை. எனினும் அவர் உள்ளம் பனி சூழ்ந்த தென்கோடியையே நாடியது.

பயணத்தில் இடம்பெறல்

அந்நாளில் இங்கிலாந்தில் ஸ்காட் என்னும் கடற்படைத் தலைவர் தென்துருவத்தை அடைய ஒரு குழு அமைத்துக்கொண்டிருந்தார். உலகின் பல பகுதிகளினின்றும் எண்ணாயிரவர் அக்குழுவில் சேர விரும்பி விண்ணப்பம் விடுத்தனர். பௌவர்ஸின் தகுதியை எடுத்துரைத்தவர் சர் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்னும் புவியியல் அறிஞர். அவர் நமக்குப் புதியவர் அல்லர். காய்ச்சலைப் போக்கும் மருந்துப்பட்டை தரும் சின்கோனா மரத்தை 1860ஆம் ஆண்டளவில் தென்னமெரிக்காவினின்று கொணர்ந்து நீலகிரியில் பயிராக வழிசெய்தவர் அவரே. அவர் சொல்லை நம்பிய ஸ்காட், பௌவர்ஸை நேரிற் காணாமலே தேர்ந்தெடுத்தார்.

நேரிற் கண்டோர் வியப்புற்றனர். பௌவர்ஸ் குள்ளமானவர், பருத்த உடலினர், செம்பட்டை மயிரினர். அலகுபோல் வளைந்த மூக்கு உடையவராதலின் நண்பர் அவரைப் 'பறவை' எனப் பொருள்படும் 'பேர்டி' என்னும் செல்லப்பெயரால் அழைத்தனர். இலண்டனில் டெர்ரா நோவா என்னும் கப்பலில் ஏறிய அன்றே, திறந்துகிடந்த வாயில் வழியாக ஏறத்தாழ ஆறு மீட்டர் ஆழத்தில் அடுக்கிய இரும்புப் பாளங்களின்மீது வீழ்ந்தார். வீழ்ந்தவர் ஒன்றும் நேராதவர் போல எழுந்துவந்து பணியைத் தொடங்கினார். கப்பற் சரக்குகளைக் காக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. எப்பொருள் எங்குளது, எத்துணை உளது என்பவற்றை ஏட்டைப் பாராமலே உரைக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. கப்பலோடு திரும்புதற்கு உரியவராயிருந்த அவரை, அவ்வாற்றல் கண்ட ஸ்காட் கரையிறங்கும் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார்.

பனிக்கடற் பயணம்

1910ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் டெர்ரா நோவா நியூசிலாந்தைவிட்டுத் தெற்கு நோக்கிச் சென்றது. 19 குதிரைகளும் முப்பதுக்கு மேற்பட்ட நாய்களும் நிலக்கரி மூட்டைகளும் மேல்தளத்தை நிறைத்திருந்தன. சின்னாட்களிலேயே பெரும்புயல் தாக்கியது. கரித்தூளும் எண்ணெயும் கலந்து உருண்ட களி, நீரிறைக்கும் குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. கப்பலினுள் நீர் பெருகியது. மாலுமியரும் அறிவியலறிஞரும் வேற்றுமையின்றி வரிசையாக நின்று இரவெல்லாம் வாளியால் நீரை முகந்து வெளியே கொட்டினர். மற்றொருபால், இரும்புத் தடுப்புச்சுவரில் துளை செய்து, எவான்ஸ் என்னும் துணைத்தலைவரும் பௌவர்ஸும் உள்ளே நுழைந்து, நீருள் நின்று அக்களியை அகற்றினர். குழாய் மீண்டும் நீரைக் கக்கியது, கப்பல் பிழைத்தது. குதிரைகள் இரண்டும் நாய் ஒன்றும் அப்புயலில் மடிந்தன.

சிலநாள் சென்றபின் கடலின் தோற்றமே மாறிற்று. கண்ணுக்கெட்டிய தூரமும் வெண்ணிறப் பனிப்பாளங்கள் மிதந்தன. அவற்றினிடையே கோட்டைமதில் போன்ற பனிமலைகள் உலாவின. நீர்மேல் தோன்றும் பகுதியினும் நீருள் மறைந்த பகுதியே அவற்றில் மிகப் பெரிது. கப்பல் பாளங்களைப் பிளந்து சிறிது முன்னேறும். பின்னர் அசையாது நிற்கும். வழி திறக்கும்வரை காத்திருக்கும். இவ்வாறு 20 நாட்கள் கழிந்தன.

உயிரற்றது போலத் தோன்றும் அக்கடலில் உயிர்கள் மலிந்திருந்தன. கடல்நாய்கள் பாளங்களின்மேல் கவலையின்றி உறங்கின. தூய வெண்ணிறப் பறவைகள் பாய்மரத்தைச் சுற்றிப் பறந்தன. திமிங்கிலங்கள் பெருமூச்செறிந்து நீராவியைப் பீச்சின. அடேலி என்னும் சிறு பென்குவின் பறவைகளோ, கருஞ்சட்டை அணிந்த சிறுவர்போல நிமிர்ந்து நடந்துவந்து கப்பலை வியந்து நோக்கின. மாலுமியர் பாடினால் அருகில் வந்து கேட்டன. மனிதனை அறியாமையின் அவற்றுக்கு அச்சமும் இல்லை. நள்ளிரவிலும் மறையாத ஞாயிற்றின் ஒளியில் பாளங்கள் பொன்னும் செம்பவளமும் போல மின்னின. 1911ஆம் ஆண்டு சனவரித் திங்கள் தொடக்கத்தில் ராஸ் தீவின் கரையில் இறங்கி, மரத்தால் ஒரு குடில் அமைத்தனர்.

பனிப்பாளத்தின்மேல் ஓர் இரவு

கரையிறங்கியவுடன், மறு ஆண்டுப் பயணத்துக்கு வேண்டும் உணவை வழியிலே சேர்த்துவைக்கும் வேலை தொடங்கிற்று. குதிரைகள் தளர்ந்துவிட்டமையால், கருதிய இடத்துக்கு ஏறத்தாழ 57 கிலோமீட்டர் இப்பாலேயே ஒரு டன் எடையுள்ள பொருள்களை வைத்துத் திரும்பினர். இக்குறை பின்னர்ப் பெருந்துயருக்குக் காரணமாயிற்று.

திரும்பும் வழியில் பௌவர்ஸ், செர்ரி கரார்டு, கிரீன் என்னும் மூவர் நான்கு குதிரைகளுடன் உறைகடலின்மீது கூடாரமிட்டுத் துயின்றனர். இரவில் ஓசை கேட்டுப் பௌவர்ஸ் வெளியே வந்து நோக்கினார். பனித்தரை துண்டு துண்டாகப் பிளந்து, அவர்கள் இருந்த பாளம் கடலை நோக்கி மிதந்துகொண்டிருந்தது. குதிரை ஒன்று நீரில் மூழ்கி மறைந்துபோயிற்று. கொலைத் திமிங்கிலங்கள் பாளங்களின் இடையே கரிய முதுகை உயர்த்தி நீந்தின. குதிரைகளையும் சரக்கையும் விட்டுவிட்டு ஓடினால் மூவரும் விரைவில் தப்பலாம். பௌவர்ஸ் அவ்வழியை எண்ணவில்லை. பாளங்கள் ஒன்றோடொன்று நெருங்கும் தருணம் பார்த்து, குதிரைகளைத் தாண்டச்செய்து, சறுக்குவண்டிகளை இழுத்து, பல மணி நேரம் பாளத்தினின்று பாளத்துக்குச் சென்றனர். கிரீன் தனியே சென்று ஸ்காட்டுக்குச் செய்தி அறிவித்தார். விரைந்துவந்த ஸ்காட், மனிதர் உயிரே போதும், மற்றவற்றை விட்டுவிடுக என ஆணையிட்டார். ஆயினும் பௌவர்ஸ் வண்டிகளையும் கரைசேர்த்தார். குதிரைகளில் ஒன்றே பிழைத்தது. நீரில் வீழ்ந்து மீட்கவியலாது போன தம் குதிரையைத் திமிங்கிலத்துக்கு இரையாக விடாது, தம் கையாலேயே அதன் துன்பத்தை முடித்தார். அச்செயல் அவர் நெஞ்சை நெடுநாள் வருத்தியது.

இருளில் ஒரு பயணம்

எம்பரர் பென்குவின் என்பது பென்குவின் இனத்துள் மிகப் பெரியது. பிற பறவைகள் வேனிலில் முட்டையிட, இது கடுங்குளிர்காலத்து இருளில் முட்டையிடும். ஆண்பறவை முட்டையைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி, வயிற்று மடிப்பால் மூடி, இரண்டு திங்களுக்கு மேல் உணவின்றி நின்று அடைகாக்கும். பறவைகள் ஊர்வனவற்றிலிருந்து தோன்றின என்பதற்கு இதன் கருவில் சான்று கிடைக்கலாம் என அந்நாளைய அறிஞர் கருதினர். அம்முட்டைகளைக் கொணர, மருத்துவரும் உயிரியல் அறிஞருமான வில்சனும், பௌவர்ஸும், செர்ரி கரார்டும் 1911ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் புறப்பட்டனர்.

செல்லவேண்டிய தொலைவு 110 கிலோமீட்டருக்கும் குறைவு. அதனைக் கடக்கப் பத்தொன்பது நாட்கள் சென்றன. பகலும் இரவும் ஒன்றேயாய் இருள் சூழ்ந்திருந்தது. நீர் உறையும் நிலைக்கும் கீழே 60 பாகை செல்சியசு வரை குளிர் இறங்கிற்று. மூச்சுக்காற்று ஆடையிற் படிந்து கல்லாய் உறைந்தது. கூடாரத்தினின்று வெளிவந்து தலையை உயர்த்திய செர்ரி கரார்டு, ஆடை உறைந்துபோனமையால் மீண்டும் தலையைத் தாழ்த்த இயலாது அவ்வாறே வண்டியிழுத்தார் என்பர்.

அங்கு நிகழ்ந்த ஒன்று நம் நாட்டு வரலாற்றை நினைவூட்டும். இற்றைத் தருமபுரிக்குத் தகடூர் என்பது பழம்பெயர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டாரை நெடிது வாழ்விக்கும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்தான். தன்னிடம் மிகுந்ததை ஈதல் எளிது. தன் உயிரைக் காக்கும் பொருளையே ஈதல் அரிது. பௌவர்ஸிடம் வாத்தின் மென்தூவி அடைத்த துயிலுறை ஒன்று இருந்தது. தோலால் தைத்த துயிற்பைக்குள் அதனையும் இட்டுக்கொண்டால் குளிர் தணியும். மூவருள் மிக இளையவரான செர்ரி கரார்டு குளிரால் நடுங்கி உறக்கமின்றி நலிதலைக் கண்ட பௌவர்ஸ், தாம் பயன்படுத்தாத அவ்வுறையை அவரிடம் நீட்டினார். அவர் பலமுறை மறுத்தார். பௌவர்ஸ் விடாது வற்புறுத்திக் கொடுத்தேவிட்டார். கடுங்குளிரில் ஈந்த அத்தூவியும் கொடையில் நெல்லிக்கனியை ஒத்ததன்றோ?

பென்குவின்கள் வாழும் இடத்தை அடைந்து முட்டைகள் ஐந்தை எடுத்தனர், இரண்டு உடைந்தன. அன்றைக்குப்பின் எழுந்த சூறைக்காற்று கூடாரத்தைப் பறித்துச் சென்றது. கல்லடுக்கிக் கட்டிய குடிலின் கூரையையும் கிழித்தெறிந்தது. கூடாரமின்றித் திரும்புதல் இயலாது. மூவரும் துயிற்பையுள் கிடந்து, தம்மேற் பனி குவிய, இறப்பை எதிர்நோக்கியிருந்தனர். காற்றுத் தணிந்ததும் தேடிச் சென்றபோது, மலைச்சரிவின் கீழே கூடாரம் சிதையாது கிடந்தது. அதுமுதல் பௌவர்ஸ் கூடாரத்தின் கயிற்றைத் தம் உடலோடு பிணைத்துக்கொண்டே உறங்கினார். மீண்டும் காற்று அதனைக் கொண்டுசெல்லுமாயின் தம்மையும் உடன்கொண்டு செல்லட்டும் என்பது அவர் உறுதி. ஆகஸ்டு முதல்நாள் மூவரும் குடில் திரும்பினர். எஞ்சிய மூன்று முட்டைகளும் இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையில் இடம்பெற்றன. எதிர்பார்த்த சான்று அவற்றிற் கிட்டவில்லை. ஆயினும் உண்மையை நாடி உயிரையும் பணயம் வைத்த அம்முயற்சி இன்றும் போற்றப்படுகின்றது.

துருவத்தை அடைதல்

1911ஆம் ஆண்டு நவம்பர் முதல்நாள் துருவப் பயணம் தொடங்கிற்று. பனியாற்றின் வழியாக ஏறி உயர்ந்த பனிமேட்டை அடைந்தபின், 1912ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், இறுதிவரை செல்லும் குழுவில் ஸ்காட் பௌவர்ஸையும் சேர்த்துக்கொண்டார். நால்வருக்கென வகுத்த உணவையும் கூடாரத்தையும் ஐவர் பகிர வேண்டியதாயிற்று. பௌவர்ஸின் சறுக்குக் கட்டைகளோ வழியில் ஓரிடத்தில் முன்னரே விடப்பட்டிருந்தன. மற்ற நால்வரும் கட்டைகளின்மேல் சறுக்கிச் செல்ல, அவர் தம் குறுங்கால்களைப் பனியில் ஊன்றி நடந்தே வண்டியை இழுத்தார். பகலெல்லாம் இழுத்து, மாலையில் பிறர் இளைப்பாறும்போது, ஞாயிற்றின் உயரத்தை அளந்து வழியைக் கணித்தவரும், வெப்பநிலையைக் குறித்தவரும், உணவை வகுத்தவரும் அவரே.

சனவரி 16ஆம் நாள் கூரிய பார்வையுடைய பௌவர்ஸ் தொலைவில் ஒரு கரும்புள்ளியைக் கண்டார். அது கறுப்புக் கொடி. நார்வே நாட்டு ஆமுண்ட்சென் 1911ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாளே துருவத்தை அடைந்துவிட்டார் என்பது புலனாயிற்று. மறுநாள் ஐவரும் துருவத்தில் நின்றனர். நம் நீலகிரித் தொட்டபெட்டாவினும் உயரமான அப்பனிவெளியில், தோல்வியின் துயரோடு ஒரு நிழற்படம் எடுத்துக்கொண்டனர். அப்படத்தில் அமர்ந்தவாறு, கருவியோடு பிணைத்த கயிற்றை இழுப்பவர் பௌவர்ஸே ஆவார்.

இறுதி நாட்கள்

திரும்பும் பயணம் துயர் நிறைந்தது. பனியாற்றின் ஓரத்தில் அடுக்கடுக்காய்த் தோன்றிய பாறைகளைக் கண்ட வில்சன், இலைவடிவம் பதிந்த கற்களைச் சேர்த்தார். பௌவர்ஸ் அவருக்குத் துணைநின்றார். அவற்றுள் குளோசாப்டெரிசு என்னும் தொல்பழந் தாவரத்தின் இலைகள் காணப்பட்டன. அதே தாவரம் நம் நாட்டு நிலக்கரிப் படுகைகளிலும் உண்டு. பன்னெடுங் காலத்துக்கு முன் இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒரே நிலப்பரப்பாய் இணைந்திருந்தன என்னும் உண்மைக்கு அக்கற்கள் சான்றாயின. அப்பழம் பெருநிலத்துக்கு அறிஞர் இட்ட கோண்டுவானா என்னும் பெயரும் நம் நடுஇந்தியப் பகுதியின் பெயரே.

பிப்ரவரி 17ஆம் நாள் எட்கர் எவான்ஸ் என்பார் உயிர்நீத்தார். மார்ச்சுத் திங்களின் நடுவில், நடக்கவியலாத ஓட்ஸ் என்பார், தம்மால் பிறர் தாமதமுற்று மாய்தல் கூடாதெனக் கருதிப் பனிப்புயலுள் தாமே வெளிச்சென்று மறைந்தார். எஞ்சியோர் ஸ்காட், வில்சன், பௌவர்ஸ் ஆகிய மூவர். ஓராண்டுக்கு முன் உணவு சேர்த்துவைத்த இடத்துக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இருக்கையில் கடும்புயல் அவர்களைக் கூடாரத்துள் அடைத்தது. உணவும் எரிபொருளும் அருகின. வில்சனும் பௌவர்ஸும் சென்று எரிபொருள் கொணர எண்ணினர், புயல் தணியவில்லை. அந்நிலையிலும் பௌவர்ஸ் தம் அன்னையாருக்கு ஆறுதல் கூறி மடல் வரைந்தார். ஸ்காட்டின் நாட்குறிப்பு மார்ச்சு 29ஆம் நாளோடு முடிகின்றது.

எட்டுத் திங்கள் கழித்து, நவம்பர் 12ஆம் நாள், தேடிச் சென்றோர் அக்கூடாரத்தைக் கண்டனர். அக்குழுவுக்குப் பொதி இழுத்தவை நம் நாட்டிலே பழக்கி அனுப்பப்பட்ட ஏழு கோவேறு கழுதைகளாகும். குலாப், பேகம், இராணி என்றெல்லாம் இந்தியப் பெயர் பூண்ட அவை, இந்தியக் கடற்பணியில் வளர்ந்த வீரரின் இறுதித் துயிலிடத்தைத் தேடிச் சென்றோருக்குத் துணையாயின. தூவியுறையைப் பெற்று உயிர்வாழ்ந்த செர்ரி கரார்டும் அக்குழுவில் இருந்தார். மூவர் உடலும் துயில்வதுபோலக் கிடந்தன. வண்டியில் ஏறத்தாழ 16 கிலோகிராம் எடையுள்ள அக்கற்கள் இருந்தன. நடக்க வலியற்ற நிலையிலும் அவர்கள் அவற்றை எறிந்துவிடவில்லை. தேடிச் சென்றோர் கூடாரத்தை மூவர்மேலும் தாழ்த்தி, பனியால் குன்று எழுப்பி, சறுக்குக் கட்டையால் சிலுவை நாட்டி மீண்டனர்.

முடிவுரை

இன்று பனிக்கடலைக் காண வலிய கப்பல்களில் மக்கள் இன்பப் பயணம் செல்கின்றனர். பென்குவின்களைத் தொடாது, ஐந்து மீட்டரேனும் விலகிநின்று காணவேண்டும் என்பது இன்றைய நெறி. நம் நாட்டுக் குழுவினரும் 1981ஆம் ஆண்டு டிசம்பரில் கோவாவினின்று புறப்பட்டு, அடுத்த சனவரியில் அங்கே கால்பதித்தனர். மைத்ரி, பாரதி என்னும் இந்திய ஆய்வு நிலையங்கள் இன்று அங்குள்ளன. முன்சென்றோர் எழுதிவைத்த வெப்பநிலைக் குறிப்புகளும் சேர்த்த கற்களும் பின்வந்தோர்க்குப் படிக்கட்டாயின.

பௌவர்ஸ் துருவத்தை முதலில் அடைந்தவர் அல்லர். குழுவின் தலைவரும் அல்லர். சரக்கைக் காத்தல், வண்டி இழுத்தல், நாள்தோறும் குறிப்பெழுதுதல் ஆகியனவே அவர் பணிகள். அவற்றை ஒருநாளும் குறைவின்றிச் செய்தார். தமக்கு வேண்டியதையும் பிறர்க்கு ஈந்தார். எத்தொழிலும் செய்வார் பண்பினால் உயர்வடையும் என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது. அவரைப் போர்த்திய பனித்தட்டு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டேயிருக்கிறது. இளமை முதல் அவர் விரும்பிய கடலிலேயே ஒருநாள் அது அவரைச் சேர்க்கும்.